பொம்மைக்கு எண்ணெய்க் குளியல்

என் நாத்தனார் பங்குனி மாதத்திலிருந்து நூறு வருஷத்துக்கு முந்தைய காலத்துக்கு வேலைக்குப் போய்வருகிறார். காலையில் வேன் வந்து கூட்டிப்போகும். சாயங்காலம் அதே வேன் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிடும். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக டிவியைப் போடுவார். நூறு வருஷத்தை ஒரே நாளில் போய் வந்த களைப்பு அப்படித்தான் தீரும் போலிருக்கிறது.

செங்கம் சாலையில், ஆசிரமத்தையும் வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்து காபி குடிக்கும் கடைகளையும் தாண்டினால், ஒரு மண்பாதை திரும்பும். அதற்குள் வாழும் அருங்காட்சியகம் என்று ஒன்று திறந்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியும் சீட்டு எழுதி ஒட்டின பானையும் அங்கே கிடையாது. ஓலைக்கூரை போட்ட விவசாயி வீடு ஒன்று, ஜவ்வாதுமலைக்காரர்களின் வீடு ஒன்று, பாத்திரத்துக்கு ஈயம் பூசும் பட்டறை ஒன்று என்று கட்டி, ஒவ்வொன்றிலும் இந்த மாவட்டத்து மனிதர்களையே உட்காரவைத்திருக்கிறார்கள். அவர்கள் அங்கே அந்தக் காலத்து வேலைகளைச் செய்துகொண்டிருப்பார்கள். டிக்கெட் வாங்கினவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், ஆசைப்பட்டால் உலக்கையைக் கையில் வாங்கி இரண்டு குத்து குத்தலாம்.

விவசாயி வீட்டுக்கு ஒரு பெண்மணி வேண்டும் என்று ஆள் தேடியபோது, எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் வழியாக அது அண்ணிக்குத் தெரிந்தது. அண்ணி என்று நான் கூப்பிடுவது என் கணவரின் அக்காவை. எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறார். நாங்கள் மாடியில். அவருடைய பிள்ளைகள் இருவரும் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். அவர் கணவர் தினமும் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூருக்குப் போய் வேர்க்கடலைக் கொல்லையைப் பார்த்துவிட்டு வருவார். பகலெல்லாம் வீட்டில் அண்ணி ஒருவர்தான். அந்தப் பகல்களைத்தான் நான் மனதுக்குள் எனக்காக எடுத்து வைத்திருந்தேன்.

நான் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் அறிவியல் எடுக்கிறேன். குழந்தை பிறந்ததிலிருந்து விடுப்பு. இந்த ஜூனில் பள்ளி திறக்கும்போது வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள். என் பெண்ணுக்கு அப்போது பதினைந்து மாதம். மாமியார் இல்லை. என் அம்மா ஓசூரில் என் தம்பியின் இரட்டைக் குழந்தைகளிடம் மாட்டிக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருந்த காப்பகத்தைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்கள்தான். ஆனால் எல்லாக் குழந்தைகளும் சத்தமில்லாமல் ஒரே செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் வாசலில் நின்றபடியே நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஆக, மிச்சம் அண்ணிதான். பொங்கல் சமயத்தில் அவரே, "நீ ஸ்கூலுக்குப் போறப்ப பாத்துக்கலாம், இன்னா இப்போ" என்று சொல்லியிருந்தார். அதை நான் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டேன். பங்குனியில் வேன் வர ஆரம்பித்ததும், அது வாக்குறுதியா, பேச்சுவாக்கில் சொன்னதா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

யோசிப்பதில் எனக்குக் குறைவில்லை. அண்ணி விஷயத்தில் யோசிக்க ஒரு பழைய காரணமும் இருந்தது. குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம், அவர் ஒரு கிண்ணத்தில் எண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்ற வேண்டும் என்பது அவருடைய திட்டம். எனக்கோ ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் பொம்மையை வைத்துக் குளிப்பாட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதை நான் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்திருந்தேன். "மூக்குலயும் காதுலயும் எண்ணெய் விடக்கூடாதாம் அண்ணி. சாம்பிராணிப் புகை காட்டக்கூடாதாம். மூக்கை நீவக்கூடாதாம். டாக்டர் சொன்னாங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அண்ணி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "சரிம்மா. உன் புள்ள" என்றார்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, முகச்சுளிப்பு இல்லை. அந்த மூன்று வார்த்தைகளை ஒரு வருஷமாக நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'சரிம்மா' என்பதில் சம்மதம் இருந்தது. 'உன் புள்ள' என்பதில் என்ன இருந்தது? என் கணவரிடம் கேட்டால், "உன் புள்ளதானே?" என்றார். அவரிடம் கேட்டிருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு அண்ணி குழந்தையைத் தூக்கினார், கொஞ்சினார், சோறு ஊட்டினார். எண்ணெய்க் கிண்ணம் மட்டும் மாடிக்கு வரவே இல்லை. நான் இல்லாத பகல்களில் அது வருமா என்பதுதான் என் கவலை. அவரிடம் குழந்தையை விட வேண்டும் என்று ஆசைப்பட்டதும், விட்டால் என்ன செய்வாரோ என்று பயந்ததும் ஒரே ஆள்தான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கே கொஞ்சம் சிரிப்பாக இருக்கிறது.

"நீங்களே உங்க அக்காகிட்ட கேளுங்களேன்" என்று கணவரிடம் சொன்னேன்.

"நான் கேட்டா உடனே சரின்னுடும். அப்புறம் ஆறு மாசத்துக்கு என்னை சாப்பிட்டியான்னுகூட கேக்காது. நீயே கேளு" என்றார்.

கேட்கப் போனேன். மே மாதத்து ஒரு சாயங்காலம். டிவியில் யாரோ யாரையோ அறைந்துகொண்டிருந்தார்கள். நான் பள்ளி திறப்பதைப் பற்றிச் சுற்றிவளைத்துப் பேசி, காப்பகத்தைப் பற்றிச் சொல்லி, வெயிலைப் பற்றிச் சொல்லி, விஷயத்துக்கு வருவதற்குள் அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார். விளம்பர இடைவேளை வந்திருந்தது.

"டீச்சரம்மா, நீ கேக்க வர்றது இன்னான்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை புள்ளய இட்டுக்கினு அங்க வா. நான் இன்னா வேலை பண்றேன்னு பாரு. பாத்துட்டு அப்பால கேளு. சாயங்காலமா வா, கும்பல் கம்மியா இருக்கும்."

டீச்சரம்மா என்று அவர் கூப்பிட்டால் கிண்டல். 'ஏம்மா' என்றால் சாதாரணம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது.

சாயங்காலம் என்றுதான் சொன்னார். ஆனால் சாயங்காலத்தில் கொசு இருக்கும், குழந்தை தூங்கி விழும் என்று நான் காலையிலேயே கிளம்பிவிட்டேன். பௌர்ணமிக்கு மறுநாள். ஊர் முழுக்க, ராத்திரி கிரிவலம் சுற்றினவர்கள் கோழிபோல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து பஸ் ஸ்டாண்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். குழந்தைக்குத் தண்ணீர், வெந்நீர், மாற்றுத் துணி, டயபர், தொப்பி, பிஸ்கட், காய்ச்சல் மருந்து என்று நான் எடுத்துவந்த பையைப் பார்த்து என் கணவர், "அங்கயே குடி போறமா?" என்று கேட்டார்.

டிக்கெட் கொடுக்கும் பெண் எங்கள் முகத்தையும் குழந்தையையும் பார்த்துவிட்டு ஒரு விதியைச் சொன்னார். "உள்ள தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கூப்பிட்டுப் பேசாதீங்க மேடம். அவங்க எல்லாம் அந்தக் காலத்துல இருக்காங்க. மேனேஜர் சார் கோவிச்சுப்பாரு."

"எப்ப திரும்பி வருவாங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"ஒரு மணிக்கு, சாப்பாட்டுக்கு" என்றார் அந்தப் பெண், சிரிக்காமல்.

முதலில் மலை வீடு. ஜவ்வாதுமலையிலிருந்து வந்து தங்கியிருக்கும் ஒரு பெண் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். அவர் என் குழந்தையைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்தக் காலத்தில் கண்ணடிப்பது உண்டா என்று நான் யோசிப்பதற்குள், பக்கத்து வீட்டு முற்றத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கூட்டம் அங்கேதான் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் சிலர், சென்னைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, காலேஜ் பெண்கள் ஒரு கும்பல். நாங்கள் பின்னால் நின்றோம். என் கணவர் உயரம் என்பதால் அவருக்கு முதலில் தெரிந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

வீட்டில் நைட்டியைத் தவிர வேறெதிலும் நான் பார்த்திராத அண்ணி, நூல் புடவையைப் பின்கொசுவம் வைத்துக் கட்டிக்கொண்டு, மணை போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தவலை நிறைய வெந்நீர். ஒரு கிண்ணத்தில் எண்ணெய். ஒன்றில் பயத்தமாவு. காலின்மேல் ஒரு குழந்தை. ஒரு நொடி அதை நிஜக் குழந்தை என்றே நினைத்துவிட்டேன். அண்ணி அதைத் தூக்கியபோதுதான் அதன் கண்கள் நீலமாக இருப்பது தெரிந்தது. ரப்பர் பொம்மை. படுக்கவைத்தால் கண் மூடும், தூக்கினால் திறக்கும் வகை. நீலக் கண்ணுக்கு மேல் மை தீட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்திருந்தார்கள். என்ன வைத்து என்ன, அது எங்கள் பக்கத்துக் குழந்தையாக ஆகவில்லை.

அண்ணி அதன் கைகால்களுக்கு எண்ணெய் தேய்த்தார். குப்புறப் போட்டு முதுகை மேலிருந்து கீழாக உருவினார். ஒரு காலை எடுத்து எதிர்க் கையோடு சேர்த்து மடக்கி, விட்டு, மறு காலை எடுத்து மடக்கினார். அந்தக் கைகளில் அவசரமே இல்லை. பொம்மையைப் பார்த்து, "யாரு ராசாத்தி, யாரு அழுவுறது, யாரு அடிச்சா, மாமன் அடிச்சானா" என்று பேசிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற மேனேஜர், கதர்ச் சட்டை போட்ட ஒல்லியான இளைஞர், அதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். மாமன் அடித்ததை எப்படி மொழிபெயர்த்தாரோ, ஒரு வெளிநாட்டு அம்மாள் மிகவும் கவலைப்பட்டார்.

என் மனதில் வந்த முதல் நினைப்பை எழுதிவிடுகிறேன்: என் பெண்ணுக்குக் கிடைக்காததெல்லாம் இந்த ரப்பர் குழந்தைக்கு, தினமும், ஞாயிறு உட்படக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது நினைப்பு: அடுத்தது மூக்குக்கு எண்ணெய். இப்போது விடப்போகிறார். நான் வீட்டில் இல்லாத நாளில் நடக்கப்போவது இதுதான். நல்லவேளை, முன்பே வந்து பார்த்துவிட்டேன்.

சென்னைக் குடும்பத்துப் பெண்ணுக்கும் அதே பயம் வந்திருக்க வேண்டும். கையில் என் பையைவிடப் பெரிய பை வைத்திருந்தார். "அம்மா, மூக்குல, காதுல எல்லாம் எண்ணெய் விடுவாங்களாமே, விடலாமா?" என்று கேட்டார்.

மேனேஜர் முன்னால் வந்தார். "ஆமா மேடம், பாரம்பரிய முறையில அதுவும் உண்டு. ஆனா இந்த அம்மா மட்டும் அதைச் செய்ய மாட்டேங்கறாங்க. நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

அண்ணி பொம்மையின் தலையைத் துடைத்தபடி, நிமிராமல் சொன்னார். "எங்க வீட்ல என் தம்பி பொண்டாட்டி இருக்குது. டீச்சர். மூக்குல எண்ணெய் விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்கன்னு சொல்லிச்சி. உள்ள எறங்கிப்போச்சுன்னா பேஜாராயிடுமாம். சாம்பிராணி போட்டா மூஞ்சிக்கி நேரா காட்டக்கூடாதாம். அந்தப் பொண்ணு எதையும் படிக்காம சொல்லாது. அதான் நான் பொம்மைக்குக்கூட விடறதில்ல."

"பொம்மைதானேம்மா?" என்றார் மேனேஜர். இது அவர்களுக்குள் தினமும் நடக்கிற சண்டை என்பது தெரிந்தது.

"பொம்மைதான். கைக்குத் தெரியுமா அது பொம்மைன்னு? இன்னிக்கி பொம்மைக்கு விட்டா நாளைக்கி கை தானா புள்ள மூக்குக்குப் போவும். அப்புறம் டீச்சர்கிட்ட யாரு வாங்கிக்கட்டிக்கறது? நீயா சார் வருவ?"

கூட்டம் சிரித்தது. என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஒரு வருஷமாக நான் புரட்டிப் புரட்டிப் பார்த்த அந்த மூன்று வார்த்தைகள், அவை சொன்னதை மட்டும்தான் சொல்லியிருந்தன.

அந்த நேரம் பார்த்து என் பெண், இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து, "அத்த்தே!" என்று கத்தினாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணியும் நிமிர்ந்தார். முகம் ஒரு கணம் வீட்டு முகமாக ஆனது. மேனேஜரைப் பார்த்ததும் திரும்பவும் நூறு வருஷம் பின்னால் போனது. "பக்கத்து வூட்டுப் புள்ள" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "பட்டணத்துலேருந்து வந்துருக்காங்க. வாங்கம்மா, வாங்க. சாயங்காலம் வருவாங்கன்னு பாத்தேன், வெய்யிலோட வந்துட்டாங்க."

பக்கத்து வீட்டுப் பிள்ளை என் பிடியிலிருந்து நழுவி இறங்கி, நான்கு வெளிநாட்டுக் கால்களுக்கு நடுவே புகுந்து, அண்ணியிடம் போனாள். நீட்டியிருந்த கால்களைப் பார்த்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு ஆள் படுத்திருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. பொம்மையின் ஒரு காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். அது கண்ணைத் திறந்துகொண்டு தவலையில் சாய்ந்து கிடந்தது. காலியான இடத்தில் இவள் தன் டயபரோடு உட்கார்ந்து, பாதத்தை நீட்டினாள்.

காலேஜ் பெண்கள் செல்போனை எடுத்தார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டேன்.

அண்ணியின் உள்ளங்கையில் எண்ணெய் இருந்தது. அவர் அதைக் குழந்தைமேல் வைக்கவில்லை. கையை அப்படியே ஏந்தியபடி என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, வெக்கட்டுமா?"

டிக்கெட்டில் என் பதிலும் சேர்த்தி என்பதுபோல அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். சென்னைப் பெண் மட்டும், பரீட்சையில் பக்கத்தில் உட்கார்ந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வைங்க அண்ணி" என்றேன். வாய் அதோடு நின்றிருக்கலாம். "மூக்குல வேணாம்."

அதற்குக் கிடைத்த கைதட்டல் அன்றைக்குப் பொம்மைக்குக்கூடக் கிடைத்திருக்காது. அந்த டீச்சர் நான்தான் என்பது தமிழ் தெரிந்தவர்களுக்கு உடனே புரிந்தது. மற்றவர்களுக்கு மேனேஜர் மொழிபெயர்த்தார். "போட்டோ எடுக்காதீங்கம்மா, புள்ள இருக்குது இல்ல" என்று அண்ணி காலேஜ் பெண்களை அதட்டிவிட்டு, இரண்டு பாதங்களுக்கும் எண்ணெய் தேய்த்தார். பாதத்தில் மட்டும்தான். அவளோ ஏதோ ராஜ்ஜியமே கிடைத்த மாதிரி சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் எழுந்து ஓடப் பார்த்து, சாணம் மெழுகின தரையில் வழுக்கி உட்கார்ந்து, அழலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் இருந்தது அன்றைக்கு நான் செய்த பெரிய சாதனை.

ஒரு மணிக்கு அந்தக் காலம் முடிந்தது. வீடுகளுக்குப் பின்னால், மூங்கில் தட்டியால் மறைத்த ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கேதான் அவர்கள் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். உள்ளே காஸ் அடுப்பு, மிக்ஸி, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரோரம் வரிசையாகச் சார்ஜ் ஏறும் செல்போன்கள். ஈயம் பூசும் பாய் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணடித்த மலைவீட்டுப் பெண்ணின் மூன்று வயது மகள், கோரைப்பாயில் உட்கார்ந்து ஒரு ஆட்டுக்குட்டிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். என் பெண் நேராக அந்த ஆட்டிடம் போனாள். நான் பையிலிருந்து கை துடைக்கும் ஈரத்தாளை எடுத்தேன். யாரைத் துடைப்பது என்று தெரியவில்லை.

அண்ணி எலுமிச்சைச் சோற்றைத் தட்டில் போட்டுக் கொடுத்தார். "இப்போ கேளு, இன்னா கேக்கணுமோ."

ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. "ஸ்கூல் திறந்தா பாப்பாவை யாரு பாத்துப்பாங்க அண்ணி?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"நான்தான் பாத்துக்கணும். ஆனா இந்த வேலைய நான் விடமாட்டேன். சொல்லிட்டேன்." அவர் குரலில் கிண்டல் இல்லை. "வூட்ல நான் எதுனா பேசினா, டிவி காதுல வுழலன்றாரு எங்க வூட்டுக்காரரு. புள்ளைங்க போன் பண்ணா ரெண்டு நிமிஷம். இங்க நாப்பது பேரு உக்காந்து, அப்புறம் இன்னா, அப்புறம் இன்னான்னு கேக்கறாங்க. இதை விட்டுட்டு வான்னு நீ சொன்னா வருவேன். ஆனா நீ சொல்லக்கூடாது."

என் கணவர் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அக்கா விட்டுவிட்டு வந்தால் எத்தனை மாதம் பேசாமல் இருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

"அப்ப என்ன பண்றது?" என்றேன்.

அந்த இடத்தில்தான் மேனேஜர் உள்ளே வந்தார். வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கண்களில் ஒரு பிரகாசம். "மேடம், பாப்பாவை இங்கயே தினமும் அனுப்புங்களேன்! அம்மா காலையில பாப்பாவையே குளிப்பாட்டிக் காட்டட்டும். பொம்மை வேண்டாம். இன்னைக்கு பாத்தீங்களா, எவ்வளவு இயல்பா இருந்துச்சு! ஒரே ஒரு விஷயம், அந்த டயபர் மட்டும் அந்தக் காலத்துக்குச் சரியா வராது."

கும்பல் கும்பலாக வந்து பார்க்க, போட்டோ எடுக்க, என் குழந்தையா? அதே சமயம், வேண்டாம் என்று சொன்னால் அண்ணியும் இல்லை, பள்ளியும் இல்லை. நல்ல மனிதர், நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், எப்படி மறுப்பது என்று வேறு ஓடியது. "சம்பளம் உண்டா சார்?" என்று என் கணவர் கேட்டார். நான் பார்த்த பார்வையில் அவர் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

அண்ணிதான் பேசினார். "சார், புள்ள வேடிக்கை காட்டறதுக்கு இல்ல. பொம்மைக்கு நான் ஊத்தறேன், அது பாட்டுக்கு அது. புள்ள இங்க பின்னால இருக்கட்டும். மலைவூட்டுக்காரி புள்ள இருக்குது இல்ல, அதோட ஆடட்டும். நான் ஊத்தற நேரம் அவ பாத்துப்பா. அவ சாமை புடைக்கற நேரம் நான் பாத்துப்பேன். யாரும் போட்டோ புடிக்கக்கூடாது. தட்டிக்கு அந்தப் பக்கம் புள்ள வராது. சரின்னா வரேன். இல்லாட்டி பொம்மையக் குளிப்பாட்ட வேற ஆளைப் பாத்துக்கோ. அந்த ஆளு மூக்குல எண்ணெய் விட்டாலும் விடும். உனக்கும் திருப்தி."

மேனேஜர் விதிகளைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆட்டுக்குட்டி அவர் கதர்ச் சட்டையின் நுனியை மெல்ல ஆரம்பித்திருந்தது. பணியாளர் குழந்தைகள் கொட்டகையில் இருக்கலாம் என்று ஏற்கெனவே எழுதப்படாத ஒரு விதி இருப்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

பிறகு என் முறை. கிணறு எங்கே, அதற்கு மூடி உண்டா, குடிக்கிற தண்ணீர் எது, பாம்பு வருமா, அடுப்பு எவ்வளவு உயரம், ஆடு கடிக்குமா. மலைவீட்டுப் பெண் ஒவ்வொன்றுக்கும் எழுந்து எழுந்து காட்டினார். கிணற்றுக்கு இரும்பு வலை போட்டிருந்தது. அதை நான் ஏறி மிதித்தே பார்த்தேன். "இன்ஸ்பெக்‌ஷன் வந்துட்டாங்கடி" என்று யாரோ சொல்ல, பாய்கூட கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். அடுப்பை மட்டும் மேடை போட்டு உயரத்தில் வைக்கச் சொன்னேன். அன்றைக்கே வைத்தார்கள்.

பள்ளி திறக்க மீதமிருந்த நாட்களில் பழக்கிப் பார்த்தோம். முதல் நாள் நானும் வேனில் போனேன். தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி வந்து, "டீச்சரம்மா, இங்க உக்காரணும்னா ஒண்ணு வேலை செய்யணும், இல்ல டிக்கெட் வாங்கணும்" என்று சொல்லி என்னை வெளியே அனுப்பினார். இரண்டாம் நாள் வேனில் ஏறும்போது குழந்தை என்னைப் பார்த்துக் கையாட்டவே இல்லை. அழுதிருந்தால் கவலைப்பட்டிருப்பேன். அழாததற்கும் கவலைப்பட்டேன்.

பள்ளி திறந்த அன்று முதல் பாடவேளையில் ஆறாம் வகுப்புக்கு உணவின் கூறுகளைச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாம் பாடவேளை ஓய்வு. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அண்ணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனைத் தொடமாட்டார்கள், தெரியும். பத்து நிமிஷம் பொறுத்தேன். வேலையிடத்தில் இப்படி நச்சரிப்பது முறையா என்று யோசித்தேன். முறையில்லை என்று முடிவு செய்துவிட்டு, மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க மேடம்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது மாதிரி இருந்தது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "என்ன சார், என்ன ஆச்சு? ஏன் இப்படி பேசறீங்க?"

"சத்தமா பேசாதீங்க. பாப்பா என் மடியில தூங்குது. அந்த அம்மா முற்றத்துல இருக்காங்க. மலைவீட்டுக்காரங்க வரதுக்குள்ள இது என் ரூமுக்கு வந்து, ஏறி உக்காந்து, தூங்கிடுச்சு. வெளியே ஒரு பஸ் நிறைய ஆளுங்க எனக்காக நிக்கறாங்க. என்னால எழுந்திருக்க முடியல மேடம்."

"எவ்வளவு நேரமா தூங்கறா?"

"முக்கால் மணி நேரம் இருக்கும். கால் மரத்துப்போச்சு. அசைச்சா முழிச்சுக்குமா?"

அரை மணி நேரத்துக்கு மேல் இவள் தூங்கினால் மத்தியானம் தூங்கமாட்டாள், எழுப்பிவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். எழுப்பினால் அழுவாள், வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். இரண்டும் நாக்கு நுனியில் நின்றன. மணி அடித்தது. ஏழாம் வகுப்பு வராந்தாவில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது.

"நீங்களே பாத்து செய்யுங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு நடந்தேன்.